பலர்மோ அரண்மனையின் அரபெழுத்துகள்

ஸ்பெயின் நாட்டைப் பற்றிப் பேசாத முஸ்லிம் குடும்பம் நம்மிடையே இல்லை எனலாம். குர்துபாவின் பள்ளிவாசலும் கர்னாதாவின் அல்-ஹம்ரா மாளிகையும் நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகின்றன. ஆயின் இத்தாலிக்குத் தெற்கே கிடக்கும் ஸிஸிலித் தீவும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. அரபு நூல்கள் 'ஸிகில்லிய்யா' என்று அழைக்கும் அத்தீவின் பெயரை நான் முதன்முதலில் கண்டது மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், இப்னு ஜுபைர் அவர்களின் பயண நூலில்தான். அவர் நடந்து சென்ற அரண்மனையை ஒரு நாள் கண்ணால் காணவேண்டும் என்ற ஆவல் அன்றே வேரூன்றியது. அது நிறைவேறப் பல்லாண்டுகள் ஆயின.

தீவின் தலைநகரான பலர்மோவில் எனக்கு வழிகாட்டியவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு முப்பது ஆண்டுகளாக அந்நகரிலேயே உழைத்து வாழ்பவர். பலர்மோவில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன என்பதை அங்கே சென்ற பின்னரே அறிந்தேன். அரண்மனைக்கு அண்மையிலுள்ள பல்லாரோ என்னும் பழஞ்சந்தையில், இத்தாலியக் கூவலுக்கிடையே தமிழ்க் குரலும் காதில் விழுந்தது. அன்பர் தம் ஒரு நாள் வேலையை விட்டு என்னோடு வந்தார்.

அரண்மனைக்குள் நுழையுமுன் தீவின் வரலாற்றைச் சற்று நினைவுகூர்தல் நலம். ஹிஜ்ரி 212, அதாவது கி.பி. 827-ஆம் ஆண்டில், வட ஆப்பிரிக்காவின் அக்லபி அமீர்கள் அனுப்பிய படை ஸிஸிலியின் மாஸரா கரையில் இறங்கியது. அப்படைக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தளபதியல்லர். கைரவான் நகரின் காழியான அஸத் இப்னுல் ஃபுராத் அவர்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமும், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணாக்கரான இமாம் முஹம்மத் அஷ்ஷைபானி (ரஹ்) அவர்களிடமும் பாடம் கேட்டவர். 'அல்-அஸதிய்யா' என்னும் சட்ட நூலைத் தொகுத்தவர். எழுபது வயதை ஒட்டிய அப்பெரியார் மறு ஆண்டே ஸிரகூஸா முற்றுகையின்போது உயிர்நீத்தார். 831-இல் பலர்மோ முஸ்லிம்களின் வசமாயிற்று.

973-ஆம் ஆண்டில் அங்கே வந்த புவியியல் அறிஞர் இப்னு ஹவ்கல், நகரில் முந்நூறு பள்ளிவாசல்கள் இருந்தன என்று வியந்து எழுதினார். அதே மூச்சில், முந்நூறுக்கு மேற்பட்ட பள்ளி ஆசிரியர்களும் இருந்தனர் என்றும், படைக்குச் செல்வதைத் தவிர்க்கவே பலர் அத்தொழிலைப் பிடித்துக்கொண்டனர் என்றும், அவர்களின் அறிவு மெச்சத்தக்கதன்று என்றும் எழுதிவைத்தார். நானும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைப்பவன். அவ்வரிகளை எப்போது வாசித்தாலும் என்னைப் பார்த்தே அவர் சொல்வது போல இருக்கும்.

பின்னர் அமீர்களிடையே பிளவு நேர்ந்தது. ஒருவரை வீழ்த்த மற்றொருவர் அந்நியரை அழைத்தார். 1061-இல் மெஸ்ஸினாவில் இறங்கிய நார்மானியர் 1072-இல் பலர்மோவைக் கைப்பற்றினர். 1091-இல் தீவு முழுதும் அவர்கள் கைக்குப் போயிற்று. வடக்கேயிருந்து வந்த அவர்களுக்குப் போர் தெரியும்; ஒரு நாட்டை எழுத்தாலும் கணக்காலும் ஆள்வது பழக்கமில்லை. அதைத் தாம் வென்ற மக்களிடமிருந்தே கற்றுக்கொண்டனர். 1130-ஆம் ஆண்டு டிசம்பர் 25-இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர், அமீர்களின் கோட்டை இருந்த மேட்டிலேயே தம் அரண்மனையை விரிவுபடுத்தினார். அக்கோட்டையை அரபுகள் 'அல்-கஸ்ர்' என்றனர். அங்கிருந்து கடலை நோக்கிச் செல்லும் நெடுந்தெருவைப் பலர்மோ மக்கள் இன்றும் 'காஸ்ஸரோ' என்றுதான் அழைக்கிறார்கள்.

இன்று அந்த அரண்மனை ஸிஸிலிச் சட்டமன்றத்தின் இருப்பிடம். 1947 முதல் அவை அங்கேதான் கூடுகிறது. அவை நடைபெறும் நாட்களில் அரசர் கூடங்கள் பார்வையாளருக்கு மூடப்பட்டிருக்கும். நாங்கள் சென்ற நாளில் திறந்திருந்தன. ரோஜர் கூடம் எனப்படும் அறையில், பொன் பின்னணியில் சிறு கற்களைப் பதித்துச் சிங்கங்களும் சிறுத்தைகளும் மயில்களும் மரங்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. ஆயினும் என் கால்களை நிறுத்தியது பொன்னன்று. அரண்மனைத் தேவாலயத்தை ஒட்டிய சுவரில் பதிந்திருந்த ஒரு கல்.

அக்கல்லில் மூன்று மொழிகள் இருந்தன. மேலே இலத்தீன், நடுவே கிரேக்கம், கீழே அரபு. ரோஜர் மன்னரின் ஆணைப்படி நாழிகை காட்டும் கருவி ஒன்று செய்யப்பட்ட செய்தியை அது கூறுகிறது. இலத்தீன் வரிகள் 1142 என்று கிறித்தவ ஆண்டைத் தர, அரபு வரிகள் ஹிஜ்ரி 536 என்று தருகின்றன. கிறித்தவ மன்னர் ஒருவர் தம் அரண்மனைச் சுவரில் ஹிஜ்ரி ஆண்டைப் பொறிக்கச் செய்தார் என்றால், அதை வாசிக்கத்தக்க குடிமக்கள் அவருக்கு இருந்தனர் என்பதே பொருள்.

அந்த ஆண்டைக் கண்டதும் எனக்கு வேறொரு நினைவு எழுந்தது. ஸஹீஹ் முஸ்லிம் நூலுக்கு 'அல்-முஃலிம்' என்னும் விரிவுரை செய்த இமாம் அல்-மாஸரி (ரஹ்) அவர்கள் மறைந்ததும் அதே ஹிஜ்ரி 536-இல்தான். ஸிஸிலியின் மாஸரா ஊரைத் தம் பெயரில் தாங்கிய அவர்கள், கடலுக்கு அப்பால் மஹ்திய்யாவில் வாழ்ந்தார்கள். முஸ்லிமல்லாத மன்னர் நியமிக்கும் ஸிஸிலிக் காழிகளின் தீர்ப்புகள் செல்லுமா என்று அவர்களிடம் ஃபத்வா கேட்கப்பட்டது. அங்கே தங்கிவிட்டவர்களைப் பற்றி நல்லெண்ணமே கொள்ளவேண்டும், அவர்களுக்கு நியாயமான காரணங்கள் இருக்கக்கூடும், அக்காழிகளின் தீர்ப்புகள் செல்லும் என்பது இமாமவர்களின் முடிவு. வெளியே பாதுகாப்பாக இருப்பவர்கள், உள்ளே சிக்கியிருப்பவர்களைக் கடிந்துகொள்வது எளிது. இமாமவர்கள் அதைச் செய்யவில்லை.

தேவாலயத்திற்குள் சென்றோம். 1140-இல் திறந்துவைக்கப்பட்ட அத்தேவாலயத்தின் சுவர்களெங்கும் பைஸாந்தியக் கலைஞர்கள் பதித்த பொன்னிறச் சித்திரங்கள். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் விவிலியக் காட்சிகள். அண்ணாந்து பார்த்தால் முற்றிலும் வேறோர் உலகம். நடுக்கூடத்தின் கூரை மரத்தால் ஆனது. தேன்கூட்டின் அறைகளைத் தலைகீழாக அடுக்கியது போன்ற அவ்வமைப்பை அரபுகள் 'முகர்னஸ்' என்பர். மரத்தில் எட்டு முனை நட்சத்திரங்கள். அவற்றுக்கிடையே ஒட்டகத்தில் செல்வோர், யாழ் மீட்டுவோர், சதுரங்கம் ஆடும் இருவர் முதலிய சிறு சிறு ஓவியங்கள். நட்சத்திரங்களின் விளிம்பைச் சுற்றிலும் கூஃபி எழுத்தில் அரபுச் சொற்கள்.

அன்பர் என் தோளைத் தொட்டார். "ஐயா, முப்பது வருசமா இங்கை இருக்கிறன். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு எத்தினை தரம் வந்திருப்பன். உந்தக் கூரையிலை என்ன எழுதியிருக்கு எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோ."

உயரம் மிகுதி, என் கண்களோ முதுமை எய்தத் தொடங்கியவை. எல்லாவற்றையும் வாசித்தேன் என்று சொன்னால் அது பொய்யாகும். ஆயினும் சில சொற்களை இனங்கண்டேன். பரகத், யும்ன், நஸ்ர், ஸலாமத். "இவை வேதவரிகள் அல்ல தம்பி. மன்னருக்கு வளமும் நலமும் வெற்றியும் பாதுகாப்பும் உண்டாகட்டும் என்று வாழ்த்தும் சொற்கள்" என்றேன். அவர் நெடுநேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். எங்களைச் சுற்றிலும் நூறு பேராவது அண்ணாந்து நின்று அவ்வெழுத்துகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். அவர்கள் கண்ணுக்கு அவை அழகிய கொடிக்கோலங்கள்.

அந்த அரண்மனையில்தான் அல்-இத்ரீஸி அவர்கள் தம் பெரும்பணியைச் செய்தார்கள். ஸப்தா நகரில் பிறந்து குர்துபாவில் பயின்ற அப்புவியியல் அறிஞரை ரோஜர் மன்னர் ஆதரித்தார். பயணிகளையும் வணிகர்களையும் வரவழைத்து, ஒவ்வொருவர் கூற்றையும் ஒப்புநோக்கி, சுமார் பதினைந்து ஆண்டுகள் ஆய்வு நடைபெற்றது. நானூறு ராத்தல் வெள்ளியில் உலகப்படம் ஒன்று செதுக்கப்பட்டது. அதற்கு விளக்கமாக அமைந்த 'நுஸ்ஹதுல் முஷ்தாக்' என்னும் அரபு நூல் 1154-ஆம் ஆண்டு ஜனவரியில் நிறைவுற்றது. உலகை ஏழு மண்டலங்களாகவும், ஒவ்வொன்றையும் பத்துப் பகுதிகளாகவும் பிரித்து எழுபது படங்களைக் கொண்டது அந்நூல். அடுத்த மாதமே மன்னர் இறந்தார். அவர் பெயரால் அந்நூலைக் 'கிதாபு ருஜார்' என்றே அறிஞர் அழைத்தனர்.

அந்நூலில் இலங்கையும் உண்டு. ஸரந்தீப் மன்னருக்குப் பதினாறு ஆலோசகர்கள் இருந்தனர் என்றும், அவருள் நால்வர் மன்னரின் சமயத்தார், நால்வர் கிறித்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர் என்றும் இத்ரீஸி எழுதுகிறார்கள். இதை நான் கூறியதும் அன்பர் மகிழ்ந்து போனார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தம் தீவைப் பற்றிய செய்தி, தாம் குடியேறிய தீவில் அமர்ந்து எழுதப்பட்டது அவருக்கு வியப்பாயிருந்தது.

நார்மானிய மன்னர்கள் அரபுப் பட்டங்களையும் சூடிக்கொண்டனர். ரோஜர் 'அல்-முஃதஸ் பில்லாஹ்'. அவர் பேரர் இரண்டாம் வில்லியம் 'அல்-முஸ்தஇஸ் பில்லாஹ்'. ரோஜர் மன்னருக்காகப் பலர்மோ அரசப் பட்டறையில் நெய்யப்பட்ட செம்பட்டுப் போர்வையின் விளிம்பில் ஹிஜ்ரி 528 என்று அரபில் பொன்னெழுத்து ஓடுகிறது. அது இப்போது வியன்னா நகரின் அரச கருவூலத்தில் உள்ளது. இவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்லி, நம் கலையின் பெருமையைப் பாருங்கள் என்று முடித்துவிட்டால் வாசகர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். மேடைகளில் நானும் அப்படி முடித்ததுண்டு. ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை.

இப்னு ஜுபைர் அவர்கள் ஹஜ்ஜை முடித்துத் திரும்புகையில், 1184-ஆம் ஆண்டு டிசம்பரில், அவர்களின் கப்பல் மெஸ்ஸினா கரையருகே உடைந்தது. படகுக் கூலி கொடுக்க வழியற்றிருந்த ஏழை முஸ்லிம்களுக்காக, அங்கே வந்திருந்த இரண்டாம் வில்லியம் மன்னரே பணம் கொடுத்து அவர்களைக் கரைசேர்த்தார் என்று நன்றியோடு எழுதுகிறார்கள். பலர்மோவில் இந்த அரண்மனைக்குள் அவர்களை அழைத்துச் சென்று விசாரித்தனர். முற்றம் முற்றமாக, வாயில் வாயிலாகக் கடந்து சென்றதை அவர்கள் வருணிக்கிறார்கள். மன்னருக்கு அரபு எழுதவும் படிக்கவும் தெரியும். நகரில் பள்ளிவாசல்கள் மிகுதி, பாங்கொலி கேட்கிறது, அப்பள்ளிகளிலே பிள்ளைகள் குர்ஆன் ஓதுகின்றனர். ஆனால் ஜும்ஆ குத்பாவுக்குத் தடை. அரண்மனை ஊழியர் பலர் உள்ளத்தால் முஸ்லிம்கள், ஒளிந்தே தொழுகின்றனர்.

அந்த அச்சம் காரணமற்றதன்று. மஹ்திய்யாவைச் சேர்ந்த ஃபிலிப் என்பவர் ரோஜர் மன்னரின் கடற்படைத் தலைவர். 1153-இல் ஆப்பிரிக்காவின் பூனா நகரைப் பிடித்தபோது அங்கிருந்த ஆலிம்களிடமும் நல்லோரிடமும் இரக்கம் காட்டினார். திரும்பி வந்ததும், அவர் மறைவாக முஸ்லிமாக வாழ்கிறார் எனக் குற்றஞ்சாட்டி உயிரோடு எரித்தனர். அல்-இத்ரீஸி தம் நூலை நிறைவுசெய்துகொண்டிருந்த அதே மாதங்களில், அதே மன்னரின் ஆணையால் இது நடந்தது. 1161-இல் கலகக்காரர் அரண்மனையைச் சூறையாடியபோது அரண்மனையின் முஸ்லிம் பணியாளரும் நகரின் முஸ்லிம்களும் கொல்லப்பட்டனர். அந்த வெள்ளி உலகப்படமும் அந்தக் கலகத்தில்தான் அழிந்தது எனக் கருதப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கூரையில் வாழ்த்தாக ஒளிர்ந்த அதே எழுத்து, அரசாங்கத் திவானில் வேறொரு பணியையும் செய்தது. இரண்டாம் வில்லியம் தாம் கட்டிய மொன்ரியாலே தேவாலயத்திற்குப் பரந்த நிலங்களை வழங்கியபோது, நிலத்தோடு சேர்த்து அதில் வாழ்ந்த முஸ்லிம் உழவர்களையும் வழங்கினார். 1178, 1183 ஆகிய ஆண்டுகளின் பட்டியல்களில் அவ்வுழவர்களின் பெயர்கள் வரிசையாக அரபில் எழுதப்பட்டுள்ளன. அப்பெயர்களெல்லாம் நம் வீடுகளில் நாம் வைக்கும் பெயர்கள்தாம். எழுத்துக்கு அரண்மனையில் மரியாதை இருந்தது. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் நிலத்தோடு கைமாறும் பொருளாயினர்.

இப்னு ஜுபைர் அவர்கள் எழுதிய ஒரு நிகழ்ச்சியை நான் மறந்ததேயில்லை. ஸிஸிலி முஸ்லிம் பெரியவர் ஒருவர், ஊர் திரும்பும் ஹாஜி ஒருவரிடம் தம் மகனை அனுப்பினார். பருவமடையும் நிலையிலிருந்த தம் மகளை அவரே மணந்துகொள்ளட்டும். விருப்பமில்லையேல் தம் ஊரில் தகுந்த ஒருவருக்கு மணமுடித்துக் கொடுக்கட்டும். எப்படியாயினும் இத்தீவிலிருந்து அவளை அழைத்துச் செல்லட்டும் என்று வேண்டினார். அந்தப் பெண்ணும் தந்தையையும் சகோதரர்களையும் பிரிய இசைந்தாள். பள்ளிவாசல் இருக்கிறது, பாங்கு கேட்கிறது, மன்னர் அரபு பேசுகிறார். ஆயினும் அடுத்த தலைமுறையின் நிலை என்னவாகும் என்று ஒரு தகப்பனின் உள்ளம் கலங்கியது.

அவர் கலங்கியது சரியாயிற்று. 1189-இல் வில்லியம் மன்னர் பிள்ளையின்றி இறந்ததும் பலர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டு மலைகளுக்கு ஓடினர். பின்வந்த இரண்டாம் ஃபிரெடெரிக் பேரரசர் இதே பலர்மோவில் வளர்ந்தவர், அரபறிந்தவர், அரபுக் கலைகளைப் போற்றியவர். ஆயினும் எதிர்த்து நின்ற ஸிஸிலி முஸ்லிம்களை 1220-களிலிருந்து தீவை விட்டே அகற்றி, இத்தாலியின் லுசெரா நகரில் குடியமர்த்தியவரும் அவரே. 1300-ஆம் ஆண்டில் ஆஞ்சு வம்சத்து இரண்டாம் சார்லஸ் மன்னர் அந்நகரையும் அழித்தார். மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். கூரையின் எழுத்து அப்படியே இருந்தது. அதை வாசிக்க ஊரில் ஒருவரும் இல்லாமற் போயினர்.

மாலையில் 'ஸீஸா' மாளிகைக்குச் சென்றோம். 'அல்-அஸீஸா' என்ற அரபுப் பெயரின் தேய்வே அது. ரோஜரின் மகன் முதலாம் வில்லியம் தொடங்கி அவர் மகன் முடித்த கோடைமாளிகை. சுவரிலிருந்து வழியும் நீர் தரையில் வெட்டிய வாய்க்காலில் ஓடிக் குளிர் தரும்படி அமைத்திருக்கிறார்கள். இப்போது அரபு-இஸ்லாமியக் கலைப்பொருள்களின் காட்சிச்சாலை.

அங்கே ஒரு சலவைக்கல் உண்டு. ரோஜர் மன்னரின் பாதிரியார் ஒருவர் 1149-இல் தம் தாயாரின் நினைவாக வைத்த கல்லறைக் கல். இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்றோடு நான்காவதாகவும் ஓர் எழுத்து. "இது எபிரேயம் எண்டு சொல்லுவினம்" என்றார் அன்பர். எழுத்து எபிரேயந்தான், மொழியோ அரபு. ஸிஸிலி யூதர்கள் வீட்டில் பேசியது அரபு; அதைத் தங்கள் வேதத்தின் எழுத்தால் எழுதினர். "எங்கள் ஊரிலும் இதுபோல் ஒன்று உண்டு. தமிழை அரபெழுத்தால் எழுதுவோம். அரபுத் தமிழ் என்பது அதற்குப் பெயர். என் தாயாருக்குத் தமிழெழுத்துத் தெரியாது, ஆயினும் அரபுத் தமிழில் எத்தனையோ நூல்களை வாசித்தார்" என்றேன்.

"இப்ப உங்கடை பிள்ளையள் அதை வாசிப்பினமோ?" என்று கேட்டார்.

நான் உடனே விடை சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்: "என்ரை பிள்ளையள் தமிழ் நல்லாக் கதைப்பினம் ஐயா. வாசிக்கத் தெரியாது. வீட்டுச் சுவரிலை அவையின்ரை பேரைத் தமிழிலை எழுதி மாட்டி வைச்சிருக்கிறன். வடிவாயிருக்கு எண்டு சொல்லுவினம்."

எங்கள் இருவர் நினைவும் காலையில் கண்ட அந்தக் கூரைக்கே சென்றது என்று எண்ணுகிறேன். வடிவான எழுத்து, அண்ணாந்து பார்ப்போர் பலர், வாசிப்போர் இல்லை. ஸிஸிலி முஸ்லிம்களை வாள் அகற்றியது; விரட்டப்பட்டவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் நம்மை யார் விரட்டினார்கள்? அலமாரியில் இருக்கும் நூலை எடுக்கவிடாமல் யார் தடுத்தார்கள்? ஒரு மொழியை மன்னர்களின் மதிப்பு காத்துவிடாது என்பதற்குப் பலர்மோ அரண்மனையே சான்று. இப்னு ஹவ்கல் ஏளனம் செய்த அந்த முந்நூறு ஆசிரியர்களை அன்று புதிய கண்ணோடு நினைத்துப் பார்த்தேன். அறிவில் குறைந்தவர்களாகவே இருந்திருக்கட்டும். அவர்கள் பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த வரையில், கூரையில் இருந்ததை வாசிக்க ஊரில் ஆள் இருந்தது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, தாயார் வைத்துவிட்டுப் போன மரப்பெட்டியைத் திறந்தேன். அட்டை கிழிந்த அரபுத் தமிழ் மாலை நூல் ஒன்று கிடைத்தது. அன்று மஃரிபுக்குப் பின் பேத்தியை அருகில் அழைத்து விரித்து வைத்தேன். குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளை, எழுத்துகளைக் கூட்டினாள். இரண்டாவது வரியில் நிறுத்தி, "இது தமிழ்!" என்று கத்திவிட்டாள். நாள்தோறும் அரைப்பக்கம் என்று வைத்திருக்கிறோம். அந்த யாழ்ப்பாணத்து அன்பருக்கு இதை எழுதினேன். தம் மகளுக்குத் தமிழ் அரிச்சுவடி ஒன்றை ஊரிலிருந்து தருவித்திருப்பதாக மறுமொழி வந்தது. அக்கடிதத்தின் அடியில், கோணல் மாணலாக, நான்கே எழுத்தில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது. அது அவர் கையெழுத்தன்று.